நம்ம பத்தாங் பெர்ஜுந்தை (மலேசியா சிலாங்கூர்ல, இப்ப பேரு பெஸ்தாரி ஜெயா) டவுன்ல மாடி மேல உள்ள பிசியோ (உடற்பயிற்சி வைத்தியம்) கடை: கழுத்து வலின்னு போனேன், தூக்கம் வருதான்னு கேட்டாங்க

நாலு நட்சத்திரம். ஒன்னு ஏன் கொறச்சேன்னு கீழ சொல்றேன்.

நான் செம்பனை (பாமாயில்) மில்லுல லோரி எடை போடுற எடத்துல கிராணி, அதாவது கிளார்க்கு. ஒரு கையில மவுசு, ஒரு கையில போனு, வெளிய லோரிக்காரன் ஹாரன் அடிச்சுக்கிட்டே இருப்பான். எட்டு மாசமா வலது கழுத்துலேர்ந்து தோள் வரைக்கும் வலி. கிளினிக்குல ரெண்டு நாள் எம்சி (மருத்துவ லீவு) குடுத்து மாத்திரையும் குடுத்தாங்க, அப்பறம் 380 வெள்ளிக்கு (ரிங்கிட்) நாற்காலி வாங்குனேன், மினியாக் அங்கின் (வலிக்கு தேய்க்கிற தைலம்) தடவி தடவி பக்கத்து சீட்டு பொண்ணுக்கே தலவலி வந்துருச்சு, எனக்கு மட்டும் ஒன்னும் கேக்கல லா.

இங்க போனா மொத இருபது நிமிசம் கையே வைக்கல. உடம்பு படம் போட்ட பேப்பர் குடுத்து எங்க வலிக்குதோ குறிக்க சொன்னாங்க. அப்பறம் எத்தன மணிக்கு படுக்குறீங்க, நடுவுல முழிப்பு வருதா, வேலைக்கு கெளம்பும்போது வயித்த கலக்குதான்னு கேள்வி. என்னடா இது, காசு குடுத்து கத சொல்லவா வந்தோம்னு எனக்கு கடுப்பு.

அந்நேரம் பாத்து மில்லுலேர்ந்து போன். எடுத்து “ஆமா சார், சரி சார்”னு பேசிட்டு வச்சேன். “அக்கா, கண்ணாடில தோள பாருங்க”ன்னாங்க. தோள் காதுகிட்ட நிக்குது! போன் வச்சும் எறங்கல, எனக்கே தெரியல. பதட்டத்துலயே இருந்தா சும்மா உக்காந்திருக்கும்போதும் தசை இறுகியே கெடக்குமாம், தூக்கம் கெட்டா அதே வலி இன்னும் பெருசா தெரியுமாம், அவசரத்துல நடுவுல எந்திரிச்சு கைகால் ஆட்டவும் மறந்துடுறோம். யோசிச்சு பாத்தேன், கூட இருந்த கிராணி வேலைய விட்டு நின்ன மாசந்தான் வலி ஆரம்பிச்சுச்சு. ரெண்டாள் வேல எனக்கு. 2023லேர்ந்து வாரத்துக்கு 45 மணி நேரம்னு சட்டம், நான் ஓட்டியோட (ஓவர்டைம்) எவ்ளோ செய்றேன்னு எண்ணவே பயமா இருக்கு. பாவம் அந்த நாற்காலி.

வீட்டுக்காரரு செம்பனை பழம் வெட்டுறவரு, இடுப்பு வலி, அவரையும் இழுத்துட்டு போனேன். கடன் கட்டுற வாரத்துல குலைய முழங்கால மடக்காம வெடுக்குனு தூக்குறாருன்னு கண்டுபுடிச்சாங்க. ஆனா மனசுல என்னன்னு கேட்டா மனுசன் கூரைய பாக்குறாரு. 15555னு சுகாதார அமைச்சோட மனநல நம்பர எழுதி குடுத்தாங்க, பர்சுல வச்சிருக்காரு, கூப்ட்டாரான்னு நான் கேக்கல.

ஆறு தடவ போயாச்சு. ஸ்கிரீனுக்கு கீழ ரெண்டு பழைய கணக்கு புக்கு வச்சேன், மவுச கிட்ட இழுத்துக்கிட்டேன், லோரி இல்லாதப்ப எந்திரிச்சு நடக்குறேன், ஆள் கேட்டு மேனேஜருக்கு லெட்டரும் போட்டாச்சு, பதில் இல்ல. வலி பாதி கொறஞ்சிருக்கு, பழம் நெறைய வர்ற வாரம் திரும்ப புடிக்குது.

இப்ப கொற. ஒரு தடவைக்கு 70 வெள்ளி, அஞ்சு மணி அப்பாயின்மெண்ட் அஞ்சே முக்கால் ஆகுது, இடுப்பு வலிக்காரங்க செங்குத்தா மாடிப்படி ஏறணும். ஞாயித்துக்கெழம அடைப்பு வேற, எஸ்டேட்டு ஆளுங்களுக்கு லீவே அன்னிக்குத்தான்.