கார் ரேஸும் டென்ட் இரவும்: இருங்காட்டுக்கோட்டையா, சிக்கமகளூரா, செட்டிபாளையமா?

சனி, ஞாயிறு இரண்டே நாளில் கார் ரேஸும் பார்க்க வேண்டும், நடுவில் ஓர் இரவு டென்ட்டிலும் படுக்க வேண்டும் என்றால் நம் பக்கத்தில் உருப்படியாக மூன்று வழிகள் இருக்கின்றன. சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டை, கோவைக்கு அருகே செட்டிபாளையம், கர்நாடகத்தில் சிக்கமகளூர். பிரான்சில் லே மான் 24 மணி நேர ரேஸுக்குப் போகிறவர்கள் டிராக்கை ஒட்டிய மைதானங்களிலேயே கூடாரம் அடித்துத் தங்குவார்கள். இங்கே அந்த வழக்கம் கிடையாது. ரேஸ் ஓரிடம், டென்ட் வேறிடம். அதனால் இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். அந்தக் கணக்கில் செட்டிபாளையம் மற்ற இரண்டையும் முந்திவிடுகிறது.

ரேஸ் மட்டும் போதும் என்பவர் யோசிக்காமல் இருங்காட்டுக்கோட்டைக்குப் போகலாம். 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் பல ஆண்டுகள் ரேஸ் நடத்தியது. அதன்பின் அந்த கிளப் சொந்தமாகக் கட்டிய டிராக் இது. 1990 முதல் இங்கே கார்கள் ஓடுகின்றன. நீளம் 3.7 கிலோமீட்டர், 12 வளைவுகள். இந்தியாவிலிருந்து ஃபார்முலா 1-க்குப் போன முதல் ஆளான நாராயண் கார்த்திகேயன் தன் முதல் ரேஸை ஓட்டியது இங்கேதான். நீண்ட நேர்ப்பாதையில் முழு வேகத்தில் வரும் கார்கள் வளைவுக்கு முன்னால் ஒரே சமயத்தில் பிரேக் பிடித்து, யார் உள்பக்கம் நுழைவது என்று முட்டிக்கொள்ளும் காட்சியைத் தமிழ்நாட்டில் இந்த அளவுக்கு வேறெங்கும் பார்க்க முடியாது.

ஆனால் டென்ட்? டிராக்கைச் சுற்றி இருப்பவை தொழிற்சாலைகளும் லாரிகளும்தான். மலை வேண்டுமானால், டிராக் இருக்கும் அதே பெங்களூரு நெடுஞ்சாலையில் ஏலகிரி இருக்கிறது. போய்ச் சேர மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். சனிக்கிழமை ரேஸ் முடிந்து அங்கே போய், ஞாயிறு காலை இறுதிச் சுற்றுக்குத் திரும்பி வருவது உடம்புக்கு ஆகாத வேலை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் தனியார் முகாம்கள் உண்டு. ஆனால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும் காலம், அப்போது கடற்கரையில் விளக்குப் போடுவதே தவறு. எனவே சென்னைக்காரர்கள் காலையில் போய் மாலையில் வீடு திரும்பும்படி வைத்துக்கொள்வதே நல்லது.

சிக்கமகளூர் இதற்கு நேர் எதிர். அங்கே இரவு அபாரமாக இருக்கும். காபி எஸ்டேட்டுக்குள், சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே, எஸ்டேட்காரர்களே டென்ட் போட்டுக் கொடுக்கிறார்கள். நவம்பர், டிசம்பரில் பனி இறங்கும். டென்ட்டுக்கு மேல் போடும் வெளிவிரிப்பைக் கட்டாமல் விட்டால் விடியும்போது போர்வையெல்லாம் ஈரமாகிவிடும். மழைக்காலத்தில் போனால் அட்டைகளுக்கும் தயாராக வேண்டும்.

அங்கே நடப்பது ராலி. தேசிய ராலி சாம்பியன்ஷிப்பின் சுற்றுகள் இந்தக் காபித் தோட்டங்களில் நடந்திருக்கின்றன. பொது வண்டிகளை நிறுத்திவிட்டு, எஸ்டேட் மண் ரோட்டில் கார்களை இடைவெளி விட்டு ஒவ்வொன்றாக அனுப்புவார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர், அடுத்த வளைவு எவ்வளவு கூர்மை என்று குறிப்பேட்டைப் பார்த்து வாசிக்க, அதை நம்பி ஓட்டுநர் காரை மண்ணில் சறுக்கவிட்டுத் திருப்புவார். நமக்குக் கிடைப்பது ஒரு காருக்குச் சில நொடிகள். புழுதி அடங்குவதற்குள் அடுத்தது வரும். அந்தச் சில நொடிகளுக்காக விடியற்காலையிலேயே நடந்துபோய் இடம்பிடிக்க வேண்டும். ரோட்டை மூடிவிட்டால் அந்தக் கட்டம் முடியும்வரை வெளியே வரவும் முடியாது. எனக்கு ராலி பிடிக்கும். ஆனால் யார் முந்துகிறார்கள் என்பது கண்ணுக்குத் தெரியாது, நேரக் கணக்கில்தான் தெரியும். முதன்முறை ரேஸ் பார்க்க வருகிற குழந்தைக்கு இது பிடிபடுவது கஷ்டம்.

இன்னொரு விஷயத்தைச் சொல்லாமல் விடக்கூடாது. ராலிப் பாதை நெடுகத் தடுப்பு போட முடியாது. 2019 செப்டம்பரில் ராஜஸ்தானில் ராலி நடந்துகொண்டிருந்த பாதைக்குள் பைக்கில் நுழைந்த ஒரு குடும்பத்தின் மூன்று பேர் கார் மோதி இறந்தார்கள். 2024 ஏப்ரலில் இலங்கையின் தியத்தலாவையில், ஃபாக்ஸ்ஹில் பந்தயத்தில் பாதை விலகிய கார் பார்வையாளர்கள் மேல் பாய்ந்து ஏழு பேர் இறந்தார்கள். எனவே ராலி பார்ப்பவர் வளைவின் வெளிப்பக்கத்தில் நிற்கவே கூடாது. கார் கட்டுப்பாடு இழந்தால் அந்தப் பக்கம்தான் வரும். உள்பக்கத்தில், ரோட்டைவிட உயரமான மேட்டில், பின்னால் ஓட வழி இருக்கும் இடத்தில் நில்லுங்கள். பாதையோரம் காவலுக்கு நிற்கும் மார்ஷல் நகரச் சொன்னால் உடனே நகருங்கள்.

தூரமும் இருக்கிறது. பெங்களூரிலிருந்து சுமார் 245 கிலோமீட்டர். அங்கே இருப்பவர்களுக்குச் சரி. கோவையிலிருந்து மைசூர் வழியாகப் போக நினைத்தால் பண்ணாரி–திம்பம் மலைப்பாதை குறுக்கே வருகிறது. 27 கொண்டை ஊசி வளைவுகள், சத்தியமங்கலம் புலிகள் காப்பகம், இரவு 9 முதல் காலை 6 வரை போக்குவரத்துக்குத் தடை. வெள்ளிக்கிழமை வேலை முடிந்து, சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம் என்ற திட்டம் பண்ணாரி செக்போஸ்ட்டோடு நின்றுவிடும்.

இனி செட்டிபாளையம். அங்குள்ள காரி மோட்டார் ஸ்பீட்வே 2003-ல் திறக்கப்பட்டது. 1995-ல் விமான விபத்தில் இறந்த எஸ். கரிவரதனின் பெயரைத் தாங்கியது. மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கை ரேஸ் காரை உருவாக்கியவர் அவர். பணக்காரர் வீட்டுப் பிள்ளைகள் வெளிநாட்டுக் கார்களை வரவழைத்து ஓட்டிக்கொண்டிருந்த விளையாட்டை, திறமை இருப்பவன் எட்டிப்பிடிக்கும் இடத்துக்குக் கொண்டுவந்தது அந்தக் கார். நாராயண் கார்த்திகேயன் முதல் ரேஸில் ஓட்டியதும் அதைத்தான். இன்று இங்கே ஓடும் எல்ஜிபி ஃபார்முலா 4 கார்களும் மாருதி எஞ்சின் பூட்டியவையே. எல்லோருக்கும் ஒரே மாதிரி கார் என்பதால் ஓட்டுகிறவரின் கைதான் பேசும்.

டிராக்கின் நீளம் 2.1 கிலோமீட்டர்தான். இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. பார்க்கிறவனுக்கு இதுவே வரம் என்பேன். இருங்காட்டுக்கோட்டையில் இதே வகைக் கார் ஒரு சுற்று வர இரண்டு நிமிடத்தை நெருங்கும். இங்கே ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல், அதற்குள் மொத்தக் கார்க் கூட்டமும் மறுபடி கண்முன் வந்துவிடும். போன சுற்றில் மூன்றாவதாக இருந்தவர் இப்போது இரண்டாவது என்று குழந்தைகளே விரல்விட்டுச் சொல்வார்கள். அவர்கள் காதுக்கு அடைப்பான் கட்டாயம். நிழல் குறைவு என்பதால் தொப்பியும் தண்ணீரும் கூடவே இருக்கட்டும்.

சனிக்கிழமை தகுதிச் சுற்றும் முதல் ரேஸ்களும் முடிந்ததும், மாலை வெளிச்சம் இருக்கும்போதே பொள்ளாச்சிப் பக்கம் போய்விடலாம். ஆழியாறு, ஆனைமலை வட்டாரத்தில் தென்னந்தோப்புகளில் தங்க இடம் தருபவர்கள் இருக்கிறார்கள். முதுகுக்குப் பின்னால் மலை, வாய்க்கால் தண்ணீர், விடிந்தால் மயில் அகவும் சத்தம். ஞாயிறு காலை இட்லி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினாலும் ரேஸுக்கு நேரத்தோடு வந்துவிடலாம்.

தோப்பில் எங்கே டென்ட் போடுவது என்பது முக்கியம். தென்னைக்கு நேர் கீழே வேண்டவே வேண்டாம். காய் விழாவிட்டாலும் மட்டை விழும். களம், வரப்போரத் திட்டு போன்ற வெட்டவெளியைத் தோப்புக்காரரிடம் கேட்டு வாங்குங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பலமாக வீசும். முளைகளை ஆழமாக அடித்து, டென்ட்டின் வாசலைக் கிழக்கே வையுங்கள். மலையடிவாரத்தை ஒட்டிய தோப்புகளுக்கு யானை வரும். வாழைப்பழம், பலா, அரிசி எதையும் டென்ட்டுக்குள் வைக்கக்கூடாது. காட்டுக்குள்ளேயே போடலாமே என்று சிலர் கேட்பார்கள். வனத்துறை அனுமதி இல்லாமல் கூடாது. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் எப்படிச் சிக்கினார்கள் என்பதைப் படித்தவர் அந்த ஆசையை விட்டுவிடுவார். தோப்பிலும் காய்ந்த ஓலை இருக்கும் இடத்தில் நெருப்பு மூட்டாமல், சின்ன கேஸ் அடுப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

செலவு, கோவைக்காரருக்குப் பெட்ரோலும் தோப்பு வாடகையும்தான். சென்னையிலிருந்து வருபவர் இரவு ரயிலில் வந்து இங்கே வாடகைக்குக் கார் எடுக்கலாம். டென்ட் தோப்பிலேயே கிடைக்குமா என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும்.

இங்கே எல்லா வாரமும் ரேஸ் இருக்காது. இந்திய மோட்டார் விளையாட்டு கிளப்புகளின் கூட்டமைப்பு வெளியிடும் காலண்டரைப் பார்த்து, தேதி உறுதியான பிறகே மற்றதை ஏற்பாடு செய்யுங்கள். தேதி தள்ளிப்போவதும் உண்டு. அப்படி ஆனால் முன்பணத்தை அடுத்த தேதிக்கு மாற்றிக்கொள்ளலாமா என்று தோப்புக்காரரிடம் பணம் அனுப்பும் முன்பே பேசி வைத்துவிடுங்கள்.