வவுனியாக் கடைகளில் ஜாவா பத்திக் சாரம்

துணியில் மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது; அப்படிக் கோலம் எடுப்பதுதான் பத்திக். வவுனியாப் புடவைக் கடைகளில் ‘ஜாவா பத்திக்’ என்று விரித்துக் காட்டும் சாரங்களில் மூன்று வகை கலந்து கிடக்கும்: கையால் மெழுகு எழுதியது, செம்பு அச்சால் மெழுகு ஒற்றியது, மெழுகே படாத அச்சுச் சீத்தை. விலை கேட்க முதல் துணியைப் பிரட்டுங்கள். பின்பக்கம் வெளிறியிருந்தால் அநேகமாக அது சீத்தைதான். 2009இல் யுனெஸ்கோ மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது மெழுகிட்டுச் சாயம் தோய்க்கும் கைவேலையை. சீத்தைக்குக் கைவேலையின் விலை கொடுக்காதீர்கள்.

மெழுகு எழுதும் கருவிக்குப் பெயர் சாந்திங், மெல்லிய மூக்குள்ள சின்னச் செம்புக் கிண்ணம். நல்ல எழுத்துத் துணியில் இரு பக்கமும் மெழுகிடுவதால் முன் எது, பின் எது என்று சொல்ல முடியாது. ஒரு புள்ளி போல மற்றது இராது. அச்சு ஒற்றியதில் ஏறத்தாழ ஒரு சாணுக்கு ஒருமுறை அதே பிழை அதே இடத்தில் திரும்ப வரும், பொருத்தில் கோடு இரட்டிக்கும். அதற்காகத் தள்ளிவிட வேண்டாம். அன்றாடம் கட்ட அதுவே தோது, விலையும் குறைவு.

நரம்பு நரம்பாக ஓடும் வெடிப்புக் கோடு அசலின் அடையாளம் என்பார்கள். நம்பாதீர்கள், சீத்தையிலும் அதை அச்சடிக்கலாம். ஜாவாவின் நுண்ணிய துணிகளில் அது பெரும்பாலும் பிழை. மெழுகுக் கலவையில் பரபின் (மெழுகுதிரி மெழுகு) கூடினால் அது நொறுங்கிச் சாயம் உள்ளே இறங்கும். தேன்மெழுகு வளைந்து கொடுக்கும்.

கோலங்களில் கவுங் என்பது நான்கு முட்டைவடிவங்கள் கூடிய பூ, பனையின் உறவான ஒரு மரத்தின் காயை வெட்டிய தோற்றம் என்பார்கள். நுங்கில் மூன்று கண் பார்த்துப் பழகியவர்களுக்கு உடனே பிடித்துப்போகும். சாய்வாக ஓடும் பராங் ஒருகாலத்தில் யோக்யகர்த்தா போன்ற ஜாவா அரண்மனைகளுக்கே உரியது. கலியாணத்துக்கு எடுப்பவர்கள் ‘ட்ருந்தும்’ என்ற கோலத்தைக் கேளுங்கள்: கருமை நிலத்தில் நட்சத்திரப் பூக்கள். ஜாவாவில் மணமக்களின் பெற்றோர் கட்டுவது அது.

கனக்கக் கெடுவது தோய்க்கிற இடத்தில்தான். கல்சியம் கூடின குழாய்க்கிணற்றுத் தண்ணீரில் சவர்க்காரம் நுரைக்காமல் துணியில் வெள்ளையாய்ப் படியும். சலவைத்தூளின் காரம் இயற்கைச் சாயத்தை உரிக்கும். ஜாவாவில் பத்திக் தோய்க்கப் பூந்திக்கொட்டை இனக் காயையே பயன்படுத்துவார்கள். அதற்குக் கடினத் தண்ணீரிலும் அந்தப் படிவு வராது. ஏழெட்டுக் கொட்டையின் தோலை ஒரு லீற்றர் சுடுதண்ணீரில் ஊறவைத்து, ஆறவிட்டு, அதில் தனியாக அலசுங்கள். முறுக்க வேண்டாம், நிழலில் உலர்த்துங்கள். வன்னி வெயில் அவுரி நீலத்தையும் விடாது. எங்காவது மெழுகு விறைப்பாக நின்றால், இரு பக்கமும் கடதாசி வைத்து அயன் பண்ணினால் உருகிக் கடதாசியில் ஊறிவிடும்.