மெட்ரோ பெட்டியை யார் செய்ய வேண்டும்?

பெங்களூரு மெட்ரோவின் மஞ்சள் தடத்தில் ஏறும்போதெல்லாம் எனக்கு மாமாவின் கேள்விதான் ஞாபகம் வரும். கோலார் தங்கவயலில் பிறந்து, அங்கேயே, மெட்ரோ பெட்டிகளும் செய்யும் அரசு நிறுவனமான பி.இ.எம்.எல். ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். "நம்ம ஊர்லயே பெட்டி செய்யறாங்க. வெளிநாட்டுக்காரனுக்கு எதுக்குப்பா டெண்டர்?" என்பார். நியாயமான கேள்வி. ஆனால் என் பதில் அவர் எதிர்பார்ப்பது அல்ல.

யார் விலை குறைவாகச் சொல்கிறாரோ அவருக்கே வேலை என்பது முதல் வழி. மஞ்சள் தடத்தின் கதையே இதற்கு உதாரணம். 2019இல் ஒரு சீன அரசு நிறுவனம், பெங்களூரு மெட்ரோவுக்கு 216 பெட்டிகளை 1,578 கோடி ரூபாய்க்குச் செய்துதர ஒப்பந்தம் எடுத்தது. இந்தியாவில் ஆலை போட்டுச் செய்ய வேண்டும் என்பது நிபந்தனை. ஆலை வரவில்லை. 2020இல் எல்லையில் சீன ராணுவத்தோடு கல்வான் மோதல் நடந்தது. இந்தியாவோடு நில எல்லை உள்ள நாடுகளின் நிறுவனங்கள் அரசு டெண்டரில் சேர முன்கூட்டியே அரசிடம் பதிவு செய்வது கட்டாயம் என்று மத்திய அரசு விதி கொண்டுவந்தது. சீனப் பொறியாளர்களுக்கு விசா கிடைப்பதும் இழுபறியானது. கடைசியில் அந்தச் சீன நிறுவனம், கொல்கத்தாவைச் சேர்ந்த டிட்டாகர் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்தது. முதல் வண்டி சீனாவிலிருந்து வந்து சேர 2024 பிப்ரவரி ஆகிவிட்டது. ஆர்.வி. ரோடு முதல் பொம்மசந்திரா வரையிலான 19 கிலோமீட்டர் தடம் 2025 ஆகஸ்ட் 10 அன்று திறக்கப்பட்டபோது இருந்தவை மூன்றே வண்டிகள், 25 நிமிடத்துக்கு ஒன்று. தடம் மேலே காத்துக் கிடந்த நாட்களில் கீழே சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலில் எரிந்த பெட்ரோல், டீசலை எந்த ஒப்பந்த விலையில் சேர்ப்பது?

அப்படியென்றால் இந்திய நிறுவனங்களுக்கு மட்டும் என்று கதவைச் சாத்திவிடலாமா? 200 கோடி ரூபாய் வரையிலான கொள்முதலுக்கு உலக டெண்டர் கிடையாது என்று 2020லேயே விதி வந்துவிட்டது. சிறிய வேலைகளுக்கு அது சரிதான். மெட்ரோ பெட்டி மாதிரி பெரிய வேலைகளில், உள்ளூரில் செய்பவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருக்கிறார்கள். போட்டி குறைந்தால் விலை ஏறும், தாமதத்தைத் தட்டிக் கேட்கவும் ஆள் இருக்காது. அப்புறம், இந்திய நிறுவனம் என்பது எது? சென்னை மெட்ரோவின் முதல் சில வண்டிகளைப் பிரெஞ்சு நிறுவனமான அல்ஸ்டோம் பிரேசிலில் செய்து அனுப்பியது. மற்றவற்றை ஆந்திராவின் ஸ்ரீசிட்டியில் உள்ள தன் ஆலையில் செய்தது. முதலாளி வெளிநாட்டவர், வெல்டிங் செய்தவர்கள் நம் ஆட்கள்.

என் ஓட்டு மூன்றாவது வழிக்குத்தான்: யாரும் வரட்டும், ஆனால் தொழிலை இங்கே விட்டுச் செல்லட்டும். பெரம்பூரில் உள்ள ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப். 1955இல் சுவிட்சர்லாந்துத் தொழில்நுட்பத்தோடுதான் தொடங்கியது. வந்தே பாரத் பிறந்ததும் அதே ஆலையில்தான். டெல்லி மெட்ரோவின் முதல் கட்டத்துக்கு 240 பெட்டிகள் வேண்டியிருந்தன. 60 தென் கொரியாவில் தயாராயின. மீதி 180ஐ அந்தத் தொழில்நுட்பத்தைக் கற்றுக்கொண்டு பெங்களூரு பி.இ.எம்.எல். செய்தது. 2011இல் 'நம்ம மெட்ரோ' என்ற பெங்களூரு மெட்ரோ ஓடத் தொடங்கியதும் பி.இ.எம்.எல்.லும் தென் கொரியாவின் ரோட்டெம் நிறுவனமும் சேர்ந்து கொடுத்த வண்டிகளில்தான். 2023இல் அதே பி.இ.எம்.எல். பெங்களூருக்கு 318 பெட்டிகள் செய்யும் 3,177 கோடி ரூபாய் ஆர்டரைப் பிடித்தது.

இதைச் சொன்னபோது மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "கத்துக்கிட்டது உண்மைதான். ஆனா கத்துக்கொடுக்கணும்னு முதல்லயே எழுதி வாங்கியிருக்காங்க இல்ல?" என்றார். அந்த இடத்தில் அவர் பக்கம் சாய்ந்துவிட்டேன். ஆலை எந்த மாதத்துக்குள் எழும்ப வேண்டும், எத்தனையாவது வண்டியிலிருந்து இங்கே செய்ய வேண்டும், தவறினால் எந்தத் தவணை நிற்கும் என்பதெல்லாம் விலையைத் திறந்து பார்க்கும் முன்பே டெண்டர் தாளில் இருக்க வேண்டும். உதிரிபாகங்களை இங்கேயே செய்துகொள்ளும் உரிமையையும் அதில் சேர்க்கச் சொல்வேன், ஏனென்றால் ஒரு பெட்டி முப்பது வருஷமாவது ஓட வேண்டும்.