காரைக்குடி வெயிலில் ஹைப்ரிட் கார்: 3 வருஷம், 42,000 கிலோமீட்டர்

என் கார் ஹைப்ரிட், அதாவது பெட்ரோல் இன்ஜினும் பேட்டரியில் ஓடும் மோட்டாரும் சேர்ந்த வண்டி. டொரண்டோவில் இருக்கும் பெரியப்பா மகனும் ஹைப்ரிட் கார்தான் வைத்திருக்கிறார். பனிக்காலம் வந்தால் மைலேஜ் படுத்துவிடும் என்பார். அவர் காரில் ஹீட்டருக்குச் சூடு இன்ஜினிலிருந்து வர வேண்டும். அதனால் சிக்னலில் நின்றாலும் இன்ஜின் அணையாது. குளிரில் பேட்டரியும் சார்ஜை மெதுவாகத்தான் ஏற்கும். எனக்கோ சித்திரை வெயிலோடு மல்லுக்கட்டு.

மதுரைக்கு அடிக்கடி போய்வருகிறேன். தை, மாசியில் லிட்டருக்கு 24 கிடைக்கிறது, சித்திரையில் 21. ஊருக்குள்ளேயே கடைக்கும் கோயிலுக்கும் சுற்றினால் 16தான். ஏசி பேட்டரியில் ஓடுவதால் இன்ஜின் அணைந்தாலும் குளிர் நிற்காது, அது பெரிய சுகம். ஆனால் இறங்கிய சார்ஜை ஏற்ற இன்ஜின் திரும்பத் திரும்ப எழுந்துவிடும். அதனால் வெயிலில் கிடந்த வண்டியை எடுத்தால், நாலு கண்ணாடியையும் இறக்கி ஒரு தெரு ஓட்டி, அனல் போன பிறகே ஏசி போடுகிறேன்.

போன வைகாசியில் மதுரையில் ஒரு கல்யாணம். பின்சீட்டில் ஜமுக்காளம் விரித்து, ஆத்தாவும் பலகாரத் தூக்குகளும். திருப்பத்தூர் தாண்டியதும், "என்னப்பா, கீழே ஏதோ உறுமுதே?" என்றார்கள். எனக்கும் அப்போதுதான் உறைத்தது, வெகுநேரமாக வண்டி மின்சாரத்தில் ஓடவே இல்லை. புளியமர நிழலில் நிறுத்திப் பார்த்தேன். என் காரில் பேட்டரிக்குக் குளிர்காற்று போகும் வழி, பின்சீட்டின் ஓரத்தில் இருக்கும் சின்னச் சல்லடை. ஜமுக்காளத்தின் நுனி அதை மூடியிருந்தது. உள்ளே விசிறி முழு வேகத்தில் இழுத்துக்கொண்டிருந்தது. பேட்டரி சூடேறினால் வண்டியே அதன் வேலையைக் குறைத்துவிடும். பெட்ரோல் குடிப்பது அங்கேதான்.

வீட்டுக்கு வந்து சல்லடைக்குப் பின்னாலிருந்த ஃபில்டரைக் கழற்றினேன். செம்மண் தூசியும் நூலும் சேர்ந்து அடை போல அப்பியிருந்தது. அதுவரை மூன்று சர்வீஸ் முடிந்திருந்தது, ஒருவரும் அதைத் திறக்கவில்லை! நாமாகக் கேட்டால்தான் செய்வோம் என்றார்கள் சர்வீஸ் சென்டரில். எனக்கு மனசு ஆறவே இல்லை. இப்போது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நானே கழற்றிப் பழைய பல்துலக்கியால் தட்டிவிடுகிறேன்.

பிரேக்கைத் தூரத்திலேயே லேசாகத் தொட்டு வந்தால் பேட்டரிக்குச் சார்ஜ் திரும்பும். கடைசியில் அழுத்தினால் பாதி வீண். குன்றக்குடி வழியில் வேகத்தடைகளில் இதை நன்றாகப் பழகலாம்.

தினமும் மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓட்டுகிறவர்களுக்கு இந்த வண்டியை நான் சொல்ல மாட்டேன். கூடுதலாகக் கொடுத்த விலை திரும்பாது. மதுரை, திருச்சி என்று அலைகிறவர்கள் தாராளமாக எடுக்கலாம்.