எம்-சாண்ட்: பல வருடம் புழங்கியபின் என் கருத்து

செங்கல்பட்டுப் பக்கம் வீடு கட்டிக் கொடுக்கும் வேலை எனக்கு. ஆற்று மணலை விட்டு, கருங்கல்லை மெஷினில் உடைத்து எடுக்கும் எம்-சாண்டுக்கு மாறி வருடங்கள் ஓடிவிட்டன. "எம்-சாண்ட் தாங்குமா சார்?" என்று இன்னமும் கேட்கிறார்கள். எந்த மெஷினில் உடைத்தது என்று தெரியாமல் என்ன பதில் சொல்வது?

ஜா கிரஷர் கல்லை இரண்டு தாடைக்கு நடுவே நெரிக்கிறது. அதில் விழும் தூளில் தட்டைச் சில்லு நிறைய இருக்கும். வி.எஸ்.ஐ. என்கிற இன்னொரு வகை கிரஷரில் சுழலும் ரோட்டார் கல்லை வீசியெறிகிறது; கல்லோடு கல் மோதி, கூர்முனை உடைந்து, மணல்மணி கிட்டத்தட்டக் கனசதுரமாக வருகிறது. லோடு இறங்கியதும் ஒரு சிட்டிகையை வெள்ளைத் தாளில் பரப்பி லென்ஸ் வைத்துப் பார்ப்பேன். தாளைச் சாய்த்துத் தட்டினால் நல்ல மணி உருண்டோடும். சில்லு அவல் மாதிரி ஒட்டிக்கொண்டு படுத்திருக்கும். சில்லு அதிகமானால் கலவை இளகாது. நாம் திரும்புவதற்குள் சித்தாள் இன்னொரு குடம் தண்ணீர் ஊற்றிவிடுவார், கான்கிரீட்டின் பலம் அங்கேயே போயிற்று.

அடுத்தது அளவு. மணல், ஜல்லிக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 383. 2016-ல் திருத்திய அந்த விதியின்படி, இரண்டாம் மண்டல மணலில் (கரடு, நைஸ் பார்த்துப் பிரித்த நான்கு வகையில் இரண்டாவது) 35 முதல் 59 சதவீதம் 600 மைக்ரான் சல்லடையில் இறங்க வேண்டும். 75 மைக்ரானுக்குக் கீழான தூசி ஆற்று மணலில் 3 சதவீதம்தான் இருக்கலாம். உடைத்த மணலுக்கு 15 வரை விட்டிருக்கிறார்கள். அது களிமண் இல்லை, கல்மாவு என்பதால் இந்தச் சலுகை. கான்கிரீட்டில் அந்த மாவு இடுக்கை நிரப்பி நல்லதே செய்கிறது. பூச்சில்தான் வம்பு.

ஆரம்பத்தில் கட்டிய வீடுகளில் கட்டு வேலையிலும் ரூஃபிலும் இதுவரை குறை இல்லை. சொரசொரப்பான மணி சிமென்ட்டை நன்றாகப் பிடிக்கிறது. ஒரு வீட்டில் ஓனரே விலை குறைவென்று, ஜல்லி உடைக்கும்போது மிஞ்சும் கிரஷர் டஸ்ட்டை இறக்கி வெளிப்பூச்சு முடித்தார். வெயில் தாக்கும் மேற்குச் சுவர் முழுக்க மயிரிழை விரிசல். பெயின்ட் அடித்து மறைத்தார். அடுத்த கோடையில் அதே இடத்தில் மறுபடி தெரிந்தது.

பூச்சுக்குக் கழுவிய பி-சாண்ட் (பூச்சுக்கென்றே நைஸாகத் தயாரிக்கும் எம்-சாண்ட்) மட்டுமே வாங்குகிறேன். அதிலும் சீலிங் பூச்சு எனக்கு இன்னும் திருப்தி இல்லை. பூச்சைச் சமன்படுத்த மணியாஸ் கட்டை இழுக்கும்போது பெரிய மணி சிக்கிக் கோடு விழுகிறது, சலித்துப் போட்டால்தான் சரியாகிறது. சலிக்கிற கூலியையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.