படுத்த எட்டும் கலங்கரை விளக்கமும்: ஹீலியோஸ் 44-2 உடன் ஆறு ஆண்டுகள்

அலுவலகத் தம்பி ஒருவர், தாம் புதிதாக வாங்கியிருக்கும் மிரர்லெஸ் (உள்ளே பிரதிபலிப்புக் கண்ணாடி இல்லாத) கேமராவுக்கு, கையால் ஃபோகஸ் செய்யும் பழைய மேனுவல் லென்ஸ் ஒன்று வாங்கலாமா என்று சென்ற வாரம் கேட்டார். கேட்டவர் மீது தவறில்லை, நேரம்தான் சரியில்லை. உள்ளே படர்ந்த ஃபங்கஸை (பூஞ்சையை) எடுப்பதற்காகக் கொடுத்திருந்த என் சோவியத் காலத்து லென்ஸான ஹீலியோஸ் 44-2, இரண்டாவது முறையாகக் கடையிலிருந்து திரும்பி வந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. அன்று நான் சொன்ன பதிலில் கோபம் மிகுதியாக இருந்ததால், நிதானமாக ஒரு பதிலை எழுத உட்கார்ந்தேன். எழுதி முடிக்கையில் நிதானம் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதை அவரே பார்த்துக்கொள்ளட்டும்.

58 மி.மீ. குவியத் தூரம், எஃப்/2 வரை திறக்கும் ஒளித்துளை (எண் சிறிதானால் துளை பெரிது), எம்42 என்னும் திருகு மரை, ஜெர்மானிய பயோட்டார் லென்ஸின் சோவியத் வாரிசு என்பதெல்லாம் இந்த லென்ஸைத் தேடும் எவருக்கும் முதல் நாளிலேயே தெரிந்துவிடும் செய்திகள். என்னுடையது 2019 ஜனவரியில், மந்தைவெளியில் வீட்டைக் காலி செய்துகொண்டிருந்த ஒரு குடும்பத்தாரிடமிருந்து, ஓடாத ஜெனிட் கேமராவோடும் விறைத்துப்போன தோல் உறையோடும் சேர்த்து 3,500 ரூபாய்க்கு வந்தது. வரிசை எண் 78 என்று தொடங்குகிறது. இந்த லென்ஸ்களில் முதல் இரண்டு இலக்கங்கள் பெரும்பாலும் உற்பத்தியான ஆண்டைக் குறிக்கும் என்பதால், இது என்னைவிட மூன்று வயது மூத்தது. அன்று முதல் பழைய சோனி ஏ7 மார்க் 2 ஒன்றில்தான் இதை மாட்டியிருக்கிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல மனம் வராது. இந்த லென்ஸின் ஃபோகஸ் வளையத்தைத் திருப்புவது, தோசைக்கல்லில் மாவை விட்டுக் கரண்டியால் சுற்றும்போது கைக்குக் கிடைக்கும் அந்த மெல்லிய எதிர்ப்பைப் போன்றது. தள்ளவும் வேண்டாம், அதுவாக ஓடவும் செய்யாது. என் அம்மா திண்ணையில் பூத்தொடுக்கும்போது 70 சென்டிமீட்டர் தூரத்திலிருந்து எஃப்/2-இல் எடுப்பேன். அந்தத் தூரத்தில் தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய ஒன்றரை சென்டிமீட்டர்தான். விரலுக்கு வைத்தால் முகம் கரைந்துவிடும், கண்ணுக்கு வைத்தால் பூ கரைந்துவிடும். அந்த ஒன்றரை சென்டிமீட்டரை விரலில் வைப்பதா கண்ணில் வைப்பதா என்று ஒவ்வொரு படத்துக்கும் நானே தீர்மானிக்க வேண்டியிருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆட்டோஃபோகஸ் வைத்திருந்த காலத்தில் கேமரா எப்போதும் கண்ணையே தேர்ந்தெடுத்தது. அம்மாவின் விரல்களை நான் பார்க்கவே தொடங்கியது இந்த லென்ஸ் வந்த பிறகுதான்.

பின்னணி சுழல்வது பற்றிப் பலரும் எழுதியிருப்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். படச்சட்டத்தின் ஓரங்களில் ஒளிப்பொட்டுகள் வட்டமாக இல்லாமல் பூனைக் கண்போல் நசுங்கி, நடுவைச் சுற்றி வரிசை கட்டுவதால் வருவது அந்தச் சுழல். அடையாறு தியசாபிகல் சொசைட்டித் தோட்டத்தில் இலைகளுக்கிடையே வானம் துண்டு துண்டாகத் தெரியும் இடங்களில் அது தானாக வரும், சுவர் முன் நிற்கவைத்தால் வராது. ஆறு மாதத்தில் அலுத்துவிடும். எதிர்வெயிலில் படம் வெளுத்துப்போகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சென்னையில் காலை ஒன்பது மணிக்கு மேல் எந்தப் பக்கம் திரும்பினாலும் எதிர்வெயில்தான்.

இனி முடிவிலிக்கு வருகிறேன். தூர அளவின் கடைசியில், எட்டு என்னும் எண்ணைப் படுக்கவைத்தது போன்ற ஒரு குறி இருக்கும். அதில் வளையம் முட்டி நிற்கும்போது அடிவானமும் நிலவும் தெளிவாகத் தெரிய வேண்டும். எம்42 லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே 45.46 மி.மீ. இருக்க வேண்டும் என்பது கணக்கு. சோனி பாடியில் அந்த இடைவெளி 18 மி.மீ. மட்டுமே என்பதால், மீதி 27.46 மி.மீ.-ஐ அடாப்டர் என்னும் உலோக வளையம் நிரப்புகிறது. உள்ளே பிரதிபலிப்புக் கண்ணாடி வைத்த நிக்கான் டிஎஸ்எல்ஆரில் அந்த இடைவெளியே 46.5 மி.மீ. ஆகிவிடுவதால், இடையில் ஒரு திருத்தக் கண்ணாடி இல்லாமல் முடிவிலி கிடைக்கவே கிடைக்காது. மிரர்லெஸ் வந்த பிறகு பழைய லென்ஸ்களுக்கு மறுவாழ்வு வந்ததற்குக் காரணம் இந்தக் கழித்தல் கணக்குதான், பழமையின் மீதான காதல் அதற்குப் பிந்தியது.

மலிவான அடாப்டர்களை வேண்டுமென்றே சற்று ஒல்லியாகச் செய்கிறார்கள். எந்த லென்ஸைப் போட்டாலும் முடிவிலி கிடைத்துவிட வேண்டும், புகார் வரக்கூடாது என்பது அவர்கள் எண்ணம். என் அடாப்டர் 0.2 மி.மீ. குறைவு. கேட்பதற்கு ஒன்றுமில்லாதது போலிருக்கும் இந்த 0.2 மி.மீ., 58 மி.மீ. லென்ஸில் என்ன செய்யும் என்பதை 2019 பங்குனி அறுபத்துமூவர் விழாவன்று தெரிந்துகொண்டேன். கபாலீசுவரர் கோயில் மாட வீதிகளில் அந்தக் கூட்டத்தில் நின்று உருப்பெருக்கிப் பார்த்து ஃபோகஸ் செய்ய முடியாது என்பதால், பழைய ஃபிலிம்காரர்களின் வழக்கப்படி வளையத்தை 5 மீட்டரிலும் துளையை எஃப்/8-இலும் வைத்துவிட்டு, கண்ணைக்கூட வைக்காமல் எடுத்துக்கொண்டே போனேன். கணக்குப்படி ஏறக்குறைய 3.7 மீட்டரிலிருந்து 7.8 மீட்டர் வரை தெளிவாக வந்திருக்க வேண்டும். ஆனால் லென்ஸ் 0.2 மி.மீ. உள்ளே தள்ளி உட்கார்ந்திருந்ததால், 5 என்று வளையம் காட்டியபோது உண்மையில் அது பார்த்துக்கொண்டிருந்தது 7 மீட்டருக்கு அப்பால். நான்கு மீட்டரில் நின்று பல்லக்கைப் பார்த்துக் கும்பிட்டவர்களின் முகங்கள் அனைத்தும் கலங்கியிருந்தன. அவர்களுக்குப் பின்னால் இருந்த பாத்திரக்கடைப் பலகை மட்டும் எழுத்து எழுத்தாகத் தெரிந்தது. இருநூற்றுச் சொச்சம் படங்கள்.

சாதாரண நகல் தாள் ஒன்றின் தடிமன் ஏறக்குறைய 0.1 மி.மீ. என்பதால், அடாப்டரின் இரு பாகங்களையும் பிரித்து, தாளில் வெட்டிய இரண்டு வளையங்களை இடையில் வைத்து மூடினேன். அதன் பிறகு வளையத்தில் எழுதியிருப்பதும் கேமராவில் விழுவதும் ஒன்றாயின. சரிபார்ப்பதற்கு எங்கள் மொட்டை மாடியிலிருந்து தெரியும் மெரினா கலங்கரை விளக்கத்தை வைத்துக்கொண்டேன். அதன் சிவப்பு வெள்ளைப் பட்டைகளின் எல்லைக்கோடு ஃபோகஸ் பார்ப்பதற்கென்றே அடித்ததுபோல் இருக்கும். படுத்த எட்டில் வளையம் முட்டும், பட்டைகள் கத்தரித்தாற்போல் நிற்கும். இந்த லென்ஸோடு நான் மகிழ்ச்சியாக இருந்தவை அந்த நான்கரை ஆண்டுகள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் பகுதியில் மூன்று நாள் மின்சாரம் இல்லை, வீடு முழுவதும் ஈரம். லென்ஸை அந்தத் தோல் உறைக்குள் போட்டு அலமாரியில் வைத்திருந்தேன். தோல் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும், லென்ஸை அதில் வைக்கக்கூடாது என்று மற்றவர்களுக்கு அறிவுரை சொல்லி வந்தவன் நான். தை மாதத்தில் டார்ச் அடித்துப் பார்த்தபோது முன்பக்கக் கண்ணாடிக்கு உட்புறம் சிலந்தி நூல்போல் ஃபங்கஸ் ஓடியிருந்தது. படத்தில் தெரியாத வரை பார்த்தும் பாராததுபோல் ஓராண்டு ஓட்டினேன். நூல் வலையானதும், அண்ணா சாலையை ஒட்டிய சந்து ஒன்றில் பல ஆண்டுகளாக லென்ஸ் பிரித்துவரும் பெரியவர் ஒருவரிடம் கொடுத்தேன். கூலி 1,800 ரூபாய்.

பெரியவரைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டும். கண்ணாடி முழுவதும் தெளிந்துவிட்டது. ஃபங்கஸ் அரித்த இடத்தில் பூச்சில் ஒரு சிறு தழும்பு மட்டும் நிற்கிறது, அதற்கு யாரும் ஒன்றும் செய்ய முடியாது. காய்ந்துபோன பழைய கிரீஸை வழித்துவிட்டுப் புதியது வைத்திருக்கிறார். நான் மேலே தோசைக்கல் என்று எழுதினேனே, அது இப்போதைய வளையத்தைப் பற்றித்தான். பழுதுபார்ப்பதற்கு முன்பு மார்கழிக் காலைகளில் மணிக்கட்டு வலிக்கும். இவ்வளவும் செய்தவர், மரையைத் திரும்பப் பூட்டும்போது மட்டும் கோட்டை விட்டார். இந்த வகை மரைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தொடக்கங்கள் உண்டு. கழற்றும்போது எந்த இடத்தில் பிரிந்தது என்று குறித்துவைத்து அதே இடத்தில் பூட்டாவிட்டால், எல்லாம் வழவழவென்று சுழலும், ஆனால் லென்ஸ் வேறோர் உயரத்தில் உட்கார்ந்துவிடும். முதல் முறை வந்தபோது இரண்டு மீட்டருக்கு அப்பால் உலகமே இல்லை. திருப்பிக் கொடுத்தேன். இரண்டாம் முறை 11 மீட்டர் வரை வந்தது.

அதாவது லென்ஸ் இருக்க வேண்டிய இடத்தைவிட இன்னும் 0.3 மி.மீ. முன்தள்ளி நிற்கிறது. இதைச் சொன்னபோது பெரியவர், "எஃப் லெவன்ல வைங்க சார், எல்லாம் தெரியும்" என்றார். என்னை இன்றுவரை எரிச்சலூட்டுவது, அவர் சொன்னது சரி என்பதுதான். எஃப்/11-இல் இந்தக் குவியத் தூரத்துக்குப் பத்து மீட்டருக்குச் சற்று மேல் ஃபோகஸ் வைத்தாலே, ஃபிலிம் காலத்து அளவுகோலின்படி முடிவிலியும் தெளிவுக்குள் வந்துவிடும். அஞ்சலட்டை அளவு பிரிண்டில் யாரும் குறை காண முடியாது. ஆனால் நான் பார்ப்பது 24 மெகாபிக்சல் படத்தை முழு அளவில் பெரிதாக்கி. அங்கே கலங்கரை விளக்கத்தின் சிவப்பு, வெள்ளையில் கசிந்துகொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து, அடாப்டரில் வைத்திருந்த இரண்டு தாள் வளையங்களையும் எடுத்தேன். 0.2 மி.மீ. திரும்பக் கிடைத்தது, அடாப்டரின் குறை லென்ஸின் குறையை ஈடுகட்டியது. மீதி 0.1 மி.மீ. இப்போது லென்ஸ் 33 மீட்டர் வரை, ஏறத்தாழ எங்கள் தெருமுனை வரை, பார்க்கிறது. எஃப்/4-க்கு மேல் மூடினால் பழைய அளவுகோலின்படி கலங்கரை விளக்கமும் தேறிவிடுகிறது. அதைவிட அகலமாகத் திறந்தால் மட்டும்தான் தேறவில்லை. எஃப்/2-இல் கலங்கரை விளக்கத்தை யார் எடுக்கப் போகிறார்கள்? ஆறு ஆண்டுகளில் இந்த லென்ஸில் எடுத்து வைத்திருக்கும் படங்களைப் புரட்டிப் பார்த்தேன். மாடியில் நின்று சரிபார்த்தவற்றைத் தள்ளினால், 33 மீட்டருக்கு அப்பால் ஃபோகஸ் வைத்த படம் ஒன்றுகூட இல்லை. எல்லாம் அம்மா, பூ, டீக்கடை, பேருந்து ஜன்னல், பங்குனிக் கூட்டம். எனக்குப் பயன்படாத ஒன்றைத்தான் இழந்திருக்கிறேன். இருந்தும் படுத்த எட்டில் வளையம் முட்டும் ஒவ்வொரு முறையும், அது பொய் சொல்கிறது என்பது விரலுக்குத் தெரிகிறது.

இதைச் சரிசெய்யும் வழியும் தெரியும். ஃபோகஸ் வளையத்தின் விளிம்பில் மூன்று சிறு திருகுகள் உண்டு. அவற்றைத் தளர்த்தி, வளையத்தை மட்டும் ஒரு மயிரிழை நகர்த்தி, கலங்கரை விளக்கத்தைப் பார்த்தபடி இறுக்கினால் போதும். கடிகாரக்காரர்களின் திருப்புளி வாங்கி வந்து இரண்டு திருகுகளைத் தளர்த்திவிட்டேன். லென்ஸைப் பிரிக்கும்போது யாரோ மூன்றாவதன் தலையை வழித்திருக்கிறார்கள், திருப்புளி அதில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பெரியவரிடம் தொலைபேசியில் சொன்னேன். கொண்டுவந்தால் துளைபோட்டு எடுத்துத் தருவதாகவும், காசு வேண்டாம் என்றும் சொன்னார். காசு வேண்டாம் என்றவரிடம் கோபத்தைக் காட்ட முடியவில்லை, லென்ஸை மறுபடி கொடுக்கவும் துணிவில்லை. இரண்டு திருகுகளையும் இறுக்கிவிட்டு எழுந்துவிட்டேன்.

ஆகவே, தம்பி, வாங்காதீர்கள். பழைய லென்ஸுக்கென்று நீங்கள் வைத்திருக்கும் பணத்துக்குக் கொஞ்சம் மேலே போட்டால் 50 மி.மீ. எஃப்/1.8 ஆட்டோஃபோகஸ் லென்ஸ் புதிதாகவே கிடைக்கும். அது எதிர்வெயிலில் இந்த அளவுக்கு வெளுக்காது, எந்தத் துளையில் எடுத்தீர்கள் என்பதைப் படத்தோடு எழுதி வைக்கும், படுத்த எட்டைப் பற்றி நினைக்கவே விடாது. என்னுடையதை விலைக்குத் தருவீர்களா என்றும் கேட்டிருந்தீர்கள். அது இப்போது கேமராவில் மாட்டியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பார்க்கப் போக வேண்டும், ஆகவே இல்லை. இவ்வளவுக்கும் பிறகு கேட்காமல் வாங்கிவிட்டால், அடாப்டர் இரண்டு பாகமாகத் திருகிப் பிரிக்கக்கூடியதா என்று பார்த்து வாங்குங்கள், இந்த லென்ஸ் மாட்டியிருப்பது கேமராவுக்குத் தெரியாது என்பதால், அதன் மெனுவில் லென்ஸ் இல்லாவிட்டாலும் படமெடுக்க அனுமதிக்கும் தேர்வைப் போட்டுவையுங்கள். தோல் உறை சேர்ந்து வந்தால் அதைத் தனியே வேறு அலமாரியில் வையுங்கள்.