பல வருடமாக கிராஸ் ஸ்டிச்: தையலில் குறையில்லை, சார்ட்டில்தான்

"கிராஸ் ஸ்டிச் பழகலாமா? முதலில் எந்த டிசைன் எடுக்கலாம்?" என்று தோழி ஒருத்தி கேட்டாள். முதல் கேள்விக்கு ஒரே வார்த்தைதான்: பழகலாம். இரண்டாவதற்கு வாயால் பதில் சொல்ல ஆரம்பித்தால் எனக்குக் கோபம் வந்துவிடும், அதனால் எழுதி அனுப்புகிறேன் என்றேன். கட்டம் கட்டமாகத் துளை தெரியும் ஐடா துணி, பிரித்தெடுத்துத் தைக்கும் ஆறிழை நூல், மழுங்கிய முனை ஊசி, பெருக்கல் குறி போல இரண்டு சாய்வு, எந்தக் கட்டத்தில் எந்த நிறம் என்று குறி போட்டுக் காட்டும் சார்ட், இவ்வளவும் தெரியும் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

கோபத்துக்கு முன்னால் நல்லதைச் சொல்லிவிட வேண்டும். இத்தனை வருடத்தில் இந்தக் கைவேலை என்னை ஏமாற்றியதில்லை. வரையத் தெரிய வேண்டாம், எண்ணத் தெரிந்தால் போதும். 14 கவுன்ட் துணியில், அதாவது அங்குலத்துக்கு 14 கட்டம் உள்ள துணியில், இரண்டு இழை, 24ஆம் எண் ஊசி என்று எடுத்துக்கொண்டால், மண்டை காய்ந்துபோன மாலையிலும் ஒரு வரிசை போட்டுவிடலாம். மேலே வரும் சாய்வு எல்லாத் தையலிலும் ஒரே பக்கம் சாய வேண்டும். அதை மட்டும் விடாமல் பார்த்துக்கொண்டால் நூலின் மினுமினுப்பு சீராக விழும், புதுக் கை போட்டதா பழகிய கை போட்டதா என்று சொல்வது கஷ்டம்.

முடிச்சுகூட வேண்டாம். ஒற்றை இழையை இரட்டிப்பு நீளத்துக்கு வெட்டி, நடுவில் மடித்து, இரண்டு நுனிகளையும் சேர்த்து ஊசியில் கோத்துக்கொள்ளுங்கள். முதல் சாய்வைப் போட்டு ஊசி பின்பக்கம் போனதும், அங்கே நிற்கும் நூல் வளையத்துக்குள் ஊசியை விட்டு இழுத்தால் இறுகப் பிடித்துக்கொள்ளும். இதைப் பழகியதிலிருந்து துணியின் பின்பக்கத்தை யாராவது திருப்பிப் பார்த்தாலும் எனக்குக் கூச்சமில்லை.

சில்லறைக் குறைகள் உண்டு. பளபளக்கும் உலோக நூல் பாதியிலேயே பிரிந்து கொட்டும். துணியை விறைப்பாகப் பிடிக்க மாட்டும் வளையத்தைக் கழற்றாமல் நாள்கணக்கில் விட்டால் துணியில் தடம் விழும். தண்ணீரில் அழியும் பேனாவால் கட்டம் போட்டுவிட்டு, அலசாமல் இஸ்திரி போட்டால் கோடு அப்படியே தங்கிவிடும். இதெல்லாம் பழகிப் போகும். எனக்கு இன்னும் பழகாதது ஒன்றே ஒன்று, போட்டோவிலிருந்து எடுத்த சார்ட்.

எது என்று சொல்கிறேன். ஒரு புகைப்படத்தையோ ஓவியத்தையோ உள்ளே போட்டால் ஒரு நொடியில் கட்டம் போட்ட சார்ட்டாகத் துப்பும் மென்பொருள்கள் இருக்கின்றன. அவற்றில் எடுத்ததை அப்படியே விற்பவர்களும் இருக்கிறார்கள். விற்பனைப் படத்தில் இருப்பது பெரும்பாலும் யாரும் தைத்து முடித்த துணி இல்லை, கணினி காட்டும் மாதிரிதான். டிஎம்சி என்ற கம்பெனியின் நூலில் மட்டும் சுமார் 500 தனி நிறங்கள் உண்டு. மென்பொருள் படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் அதில் எது கிட்டத்தட்ட ஒத்துவருகிறது என்று பார்த்து ஒரு எண்ணை ஒட்டிவிடும். மங்கலான வெளிச்சத்தில் கேமரா தானாகச் சேர்த்த புள்ளிப் பிசிறு இருக்கிறதே, அதற்கும் ஒரு நூல், அதற்கும் ஒரு தையல்.

இப்போது என் சட்டத்தில் இருப்பது ஒரு முகம். இடது கன்னத்தில் பத்துக்குப் பத்து கட்டம் ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். நூறு தையலுக்கு 31 நிறம். அதில் 17 நிறங்கள் ஒரே ஒரு தையலுக்காக வந்துவிட்டுப் போகிறவை. கான்ஃபெட்டி என்பார்கள் இதை. ஒரு தையலுக்கு ஆகும் நூல் அரை அங்குலம்கூட வராது. ஆனால் அதைப் பின்பக்கம் நாலு தையலுக்கு அடியில் ஓட்டி ஆரம்பிக்கவும், மறுபடி நாலு தையலுக்கு அடியில் ஓட்டி முடிக்கவும் அதைவிட நீளமான நூல் போகிறது. சரி, வெட்டாமல் பின்பக்கமாகவே அடுத்த இடத்துக்கு இழுத்துப் போகலாம் என்றால், வெளிர் நிறத்துக்குப் பின்னால் ஓடும் கரும்நூல் துளை வழியாக எட்டிப் பார்க்கும்.

முடி வேறு கதை. டிஎம்சி நூல் எண் 310 கருப்பு. 3371 கருப்புக்கு ஒரு படி முந்தைய காப்பி நிறம். 939 கருப்பாகவே தெரியும் நீலம். மூன்றையும் ராத்திரி விளக்கில் மேசைமேல் வைத்தால் எது எது என்று எனக்குத் தெரியாது. சார்ட் அவற்றை ஒன்று விட்டு ஒன்று மாற்றி மாற்றிக் கேட்கிறது. தைத்து முடித்துச் சுவரில் மாட்டினால் பார்ப்பவருக்கு மட்டும் தெரிந்துவிடுமா என்ன? போதாததற்கு ஒன்றுக்கு நிமிர்ந்த முக்கோணக் குறி, இன்னொன்றுக்குக் கவிழ்ந்த முக்கோணக் குறி.

கணக்கும் சொல்லிவிடுகிறேன், சார்ட் வாங்கும் ஆசையில் யாரும் இதைப் போட்டுப் பார்ப்பதில்லை. 200 கட்ட அகலம், 280 கட்ட உயரம் என்றால் 56,000 தையல். மணிக்கு நூறு தையல் என்று வைத்தாலே 560 மணி நேரம். கான்ஃபெட்டி பகுதியில் எனக்கு மணிக்கு நாற்பதே பெரிய விஷயம்.

இதையே விரும்பிச் செய்பவர்கள் இருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு நிறத்தின் நூலையும் வெட்டாமல், அது அடுத்து வர வேண்டிய கட்டத்தில் செருகி நிறுத்தி வைத்து, வரிசை வரிசையாக இறங்குவார்கள். பார்க்கிங் என்று இதற்குப் பெயர். துணியின் முன்னால் எண்பது நூல் தொங்கும்போதும் முகம் மாறாமல் உட்கார்ந்திருப்பார்கள். எனக்கு அந்தப் பொறுமை இல்லை. ஆனாலும் இரண்டு மீட்டர் தள்ளி நின்று என் சட்டத்தைப் பார்த்தால் கன்னம் கன்னமாகத்தான் தெரிகிறது, நன்றாகவே தெரிகிறது. என் எரிச்சலில் பாதி அதனால்தான்.

இதற்கு நேர் எதிரான ஒன்றும் செய்திருக்கிறேன். மனிதர் ஒருவர் கட்டத்தாளில் உட்கார்ந்து வரைந்த சிறு பறவை, பதினாலு நிறம். தலைப் பகுதி முழுக்கக் கருப்பு, தைத்து முடிக்கும்வரை அது ஒரு கறைதான். கடைசியில் சார்ட் ஒரே ஒரு வெள்ளைத் தையல் கேட்டது, கண்ணுக்குள் மேல் மூலையில். போட்டேன். கறை போய்ப் பறவை என்னைத் திரும்பிப் பார்த்தது! அதுவும் ஒற்றைத் தையல்தான், அதற்கும் நூலை ஆரம்பித்து முடிக்கத்தான் வேண்டியிருந்தது. ஆனால் அந்தக் கட்டத்தில் வெள்ளை வேண்டும் என்று ஒரு ஆள் யோசித்திருக்கிறார். கன்னத்தில் இருக்கும் அந்தப் பதினேழையும் யாரும் யோசிக்கவில்லை.

ஆகவே என்ன தைக்கலாம் என்று தேடுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கட்டத்திலேயே பிறந்த டிசைனைத் தேடுங்கள். கொட்டிக் கிடக்கிறது. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் ஜேன் போஸ்டாக் என்ற பெண் 1598இல் தைத்த ஒரு மாதிரித் துணி, அதாவது பலவகைத் தையல்களையும் டிசைன்களையும் போட்டுப் பார்த்த துணி, இருக்கிறது. தேதியிட்ட பிரிட்டிஷ் மாதிரித் துணிகளில் நமக்குக் கிடைத்தவற்றில் அதுதான் மிகப் பழையது. ஆலிஸ் லீ என்ற குழந்தை பிறந்த நாளும் எழுத்துகளும், ஓரப் பட்டைகளும், விலங்குகளும் அதில் உண்டு. அந்த ஓரப் பட்டை ஒவ்வொன்றையும் இன்றைக்கும் எண்ணி எடுத்து உங்கள் துணியில் போடலாம். ஜெர்மனியில் 1520களிலேயே தையல் மாதிரிப் புத்தகங்கள் அச்சாகிவிட்டன. 19ஆம் நூற்றாண்டில் பெர்லினிலிருந்து வந்த சார்ட்டுகளை, கட்டத்தாளில் அச்சடித்துக் கையால் வண்ணம் தீட்டி விற்றார்கள். ஒவ்வொரு கட்டத்தின் மேலும் ஒரு தூரிகை போய் வந்திருக்கிறது. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017 முதல் தன்னிடமுள்ள, பதிப்புரிமைக் கட்டுப்பாடு இல்லாத படைப்புகளின் படங்களை யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டிருக்கிறது. அங்கே மாதிரித் துணிகளைத் தேட உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது.

பாலஸ்தீனப் பெண்களின் தத்ரீஸ் பூத்தையல் 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. அதில் வரும் சைப்ரஸ் மரமும் எட்டு முனை நட்சத்திரமும் பெரும்பாலும் கிராஸ் ஸ்டிச்சிலேயே போடுபவை. கர்நாடகத்தின் கசூதி பூத்தையலில் மெந்தி என்று சொல்வதும் கிராஸ் ஸ்டிச்தான். கோபுரமும் தேரும் யானையும் அதில் நூல் எண்ணியே போடப்பட்டவை. இவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால் பழைய 8 பிட் வீடியோ கேம் உருவங்கள், தரை ஓடுகளின் கோலங்கள், நெசவுக் கரைகள் எல்லாம் சதுரத்தில் யோசித்தவைதான். ஒரு தாள், ஒரு பென்சில் போதும்.

இல்லை, போட்டோதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்களுக்கும் வழி இருக்கிறது. மென்பொருளில், வெவ்வேறு நிறப் புள்ளிகளைக் கலந்து தூவி இடைநிறம் போலக் காட்டும் டிதரிங் என்ற அமைப்பை அணைத்துவிடுங்கள். நிற எண்ணிக்கையை முப்பதுக்குள் அடக்குங்கள். அப்புறம் தனித்து நிற்கும் கட்டங்களை ஒவ்வொன்றாகப் பக்கத்து நிறத்துக்கு மாற்றுங்கள். ஒரு மாலை போய்விடும், ஆனால் பிற்பாடு பல மாலைகள் மிஞ்சும். சார்ட்டைக் காசு கொடுத்து வாங்குவதானால், நிஜமாகவே தைத்து முடித்த துணியின் படம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இல்லை என்று சொன்னாலோ, பதிலே வராவிட்டாலோ வாங்காதீர்கள்.

கிராஸ் ஸ்டிச்சுக்கு மதிப்பெண் கேட்டால் பத்துக்குப் பத்து கொடுத்திருப்பேன், நேற்று அந்தக் கன்னத்தில் உட்காராமல் இருந்திருந்தால். இன்றைக்கு ஆறு. சட்டத்தில் இருக்கும் முகத்தைத் தூக்கிப் போடப் போவதில்லை, மூக்குவரை வந்தாயிற்று, விட மனமில்லை. ஆனால் அதற்கு நடுவில் ஓரப் பட்டை ஒன்று தொடங்கியிருக்கிறேன். முழுக்க 321 சிவப்பு. வேறு நிறமே கிடையாது.